குறைந்த வரவும் குறையாத விகிதமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் மலைப்பாதை கேரள எல்லையைத் தொடும் இடம் கம்பம்மெட்டு. கீழே லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்று நீரால் மின்சாரம் பிறக்கிறது; மேற்கே மூலமற்றத்தில் 780 மெகாவாட் திறனுடைய இடுக்கி மின்நிலையம் 1976 முதல் இயங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏலமலையில், நீண்ட கம்பியின் கடைக்கோடி வீட்டுக்கு 230 வோல்ட் வரவேண்டிய மாலையில் 180 தான் வருமாயின், அவ்வீட்டார் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. குறைவாகப் பெற்றவன் எவ்வளவு தரக் கடமைப்பட்டவன் என்ற தர்மப் பிரச்சினையை இங்கிருந்தே சிந்திக்கத் தோன்றுகிறது.

இதற்கு வேரியாக் என்று வழங்கும் கருவி ஓர் உவமை. அதில், இரும்பு வளையத்தின்மேல் சுற்றிய ஒரே செப்புச் சுருளின்மீது கார்பன் பிரஷ் நகர, வெளிவரும் மின்னழுத்தம் ஏறி இறங்கும். 240 வோல்ட்டை ஏற்று 270 வரை தருவதும், 8 ஆம்பியர் தாங்குவதுமான ஒன்றுக்கு 180 வோல்ட்டையே கொடுத்தால் அது கெட்டுவிடுமோ என்று அஞ்சுவாருண்டு. கெடாது. காந்தப் பெருக்கு அழுத்தத்தோடு சேர்ந்தே குறைவதால் இரும்புக்குச் சிரமம் குறைகிறது. எட்டுக்கு ஒன்பது என்ற விகிதமும் பங்கப்படாமல், உச்சத்தில் 202 வோல்ட் சொச்சம் கிடைக்கிறது. ஆனால் செப்புக் கம்பியின் பருமன் மாறுவதில்லையாதலால், 8 ஆம்பியர் என்ற வரம்பும் தளர்வதில்லை. 1,920 வோல்ட்-ஆம்பியரை ஏற்று நடத்திய கருவி இப்போது 1,440-ஐத்தான் நடத்தும். பழைய அளவையே வற்புறுத்திக் கேட்டால் மின்னோட்டம் பத்தரை ஆம்பியருக்கு மேற்சென்று, அதன் வர்க்கத்துக்கேற்ப வெப்பம் முக்கால் பங்கு மிகுந்து, நாளடைவில் சுருளின் காப்பு கருகும்.

குறைவாகப் பெற்றவனைப் பக்குவத்தில் குறைந்தவன் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் எனச் சைவ சித்தாந்தம் வகுத்த சத்திநிபாதத்தின், அதாவது திருவருள் பதிதலின், நான்கு தரங்களைக்கூட இதற்குச் சான்றாக்குவாருண்டு. அத்தரங்கள் ஆன்மாவின் மலபரிபாகத்தை, அதாவது மலம் பக்குவப்படுதலைக் குறித்தவை. ஒருவனது செல்வத்தையும் வறுமையையும் அளக்க அவற்றை எடுப்பது சாஸ்திரத்துக்கு அபசாரம் என்றே நான் கருதுகிறேன்.

நாயன்மாருள் ஒருவரான திருநின்றவூர்ப் பூசலாருக்கு ஆலயம் எழுப்பப் பொருள் சேரவில்லை. ஆகவே அவர் அஸ்திவாரம் முதல் சிகரம் ஈறாக, ஓர் அங்கமும் குறையாமல், மனத்திலேயே கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் அரசன் குறித்த அதே நன்னாளில் இறைவன் இவரது கோயிலுக்கே எழுந்தருளினான் என்கிறது பெரிய புராணம். பொருளின் பரிமாணம் ஒன்றுமில்லாமற் போயினும், பக்தியின் விகிதம் அங்கே முழுமையாக நின்றது.

பெற்ற அளவுக்கு மேல் தரக் கடமையில்லை என்பதற்கு ஆட்சேபமாக, அதே புராணத்து இளையான்குடி மாறனாரைச் சொல்லலாம். வறுமையுற்ற காலத்தில், மழையிரவில் வந்த அடியாருக்காக, அன்று பகலில் விதைத்த நெல்லையே வாரிவந்து, கூரைக் கழிகளை அறுத்து விறகாக்கி, அமுது படைத்தவர் அவர். தாங்கும் வரம்பை அறிந்தே மீறியவர். இந்த ஆட்சேபத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். வேரியாக்கும் சில நிமிஷங்களுக்கு மிகைச்சுமையைப் பொறுக்கும். சூடு ஏறவும் அவகாசம் வேண்டும். மாறனார் செய்தது ஓர் இரவின் காரியம். அதைச் செய்யும்படி அவரை எவரும் பணிக்கவில்லை. யோசனை சொன்ன மனைவியாரும் அவருடைய வறுமையையே பகிர்ந்துகொண்டவர். தானே உவந்து வரம்பு கடக்கும் தியாகத்தைப் பிறருடைய நித்திய கடமையாக விதிக்க ஒருவனுக்கும் அதிகாரமில்லை.

விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நினைத்தே இதை எழுதுகிறேன். கூலியைக் குறைத்து வேலையைக் குறைக்காமல் வாங்க நினைக்கும் எவனும், அவர்களுடைய பொறுமைக்கு மாறனாரைத் திருஷ்டாந்தம் காட்டலாகாது.