சின்னம் சொல்வதும் சேவை சொல்வதும்

கைப்பேசியில் புளூடூத்தைத் திறந்து புதிய கருவியைத் தேடினால், பெயருக்கு முன்னால் ஒரு சின்னம் வந்து நிற்கிறது: ஹெட்செட், கீபோர்டு, மடிக்கணினி. இணைப்பு இன்னும் ஏற்படவில்லை. இணைக்கட்டுமா என்ற கேள்வியே எழவில்லை. அதற்குள் எதிரிலிருப்பது இன்னதென்று கைப்பேசிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவு வெறும் 24 பிட்டுகளில் அடங்கியது. அதற்குக் கருவி வகுப்பு என்று பெயர்.

அது வந்துசேரும் வழியை முதலில் பார்ப்போம். கைப்பேசி, ‘அருகில் யார் இருக்கிறீர்கள்?’ என்று அலைவரிசை மாற்றி மாற்றிக் கேட்கிறது. தன்னைக் காட்டிக்கொள்ளும் நிலையிலுள்ள கருவி ஒரு சிறு பொதியைப் பதிலாக அனுப்புகிறது. அதில் கருவியின் முகவரி உண்டு, அதன் கடிகார நிலை உண்டு, கருவி வகுப்பும் உண்டு. பெயர் மட்டும் இல்லை. பெயரைத் தனியே கேட்டுத்தான் பெற வேண்டும். பழைய கைப்பேசிகளில் முதலில் எண்கோவையாக ஒரு முகவரி தோன்றி, சற்றுப் பொறுத்துப் பெயராக மாறியதைக் கண்டவர்களுக்குக் காரணம் இப்போது விளங்கும்.

இனி அந்த 24 பிட்டுகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஹெட்செட்டுகளில் அடிக்கடி காணப்படும் மதிப்பு, பதினாறு நிலை எண்முறையில் 240404. இருநிலையில் எழுதினால் 0010 0100 0000 0100 0000 0100. வலக்கோடியில் உள்ள இரண்டு பிட்டுகள் வடிவத்தைக் குறிப்பவை. அடுத்த ஆறு பிட்டுகள் உட்பிரிவு, இங்கே 1. அதற்கடுத்த ஐந்தும் முதன்மை வகை. இங்கே 4, அதாவது ஒலி-ஒளிக் கருவி. அந்த வகைக்குள் 1 என்பது தலையில் அணியும் ஹெட்செட். இதே 1, முதன்மை வகை கணினியாக இருந்தால் மேசைக்கணினியைக் குறிக்கும். ஆகவே உட்பிரிவைத் தனியே படித்தால் பொருள் இல்லை.

எஞ்சிய பதினொரு பிட்டுகள் சேவைகளுக்குரியவை. அவற்றின் இயல்பே வேறு. முதன்மை வகை ஓர் எண். ஒரு கருவிக்கு ஒன்றுதான் வாய்க்கும். சேவைப் பிட்டுகளோ ஒவ்வொன்றும் தனித்தனி ‘ஆம், இல்லை’. எத்தனையும் ஒருசேர ஒளிரலாம். வலமிருந்து 0 முதல் எண்ணினால், நம் ஹெட்செட்டில் இரண்டு ஒளிர்கின்றன: 18ஆம் பிட், ஒலியை வெளியிடும் ஆற்றல், 21ஆம் பிட், ஒலிச்சேவை. ‘நீ யார்’ என்பதற்கு ஒரே விடை, ‘உன்னால் என்ன முடியும்’ என்பதற்குப் பல விடை என்ற இந்தப் பாகுபாடு, வடிவமைத்தவர்களின் நல்ல தீர்ப்பு என்பேன்.

ஆனால் கருவி வகுப்பு உணவக வாசலில் தொங்கும் பலகை போன்றது. இன்று அடுப்பில் என்ன இருக்கிறது என்பதை உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்று ஒரு நெறிமுறை உண்டு: சேவை கண்டறியும் நெறிமுறை. அதில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பதிவேடு. அதை அடையாளம் காட்ட 128 பிட் எண். பொதுச்சேவைகளுக்கு 16 பிட் சுருக்கமே போதும்: பதினாறு நிலை எண்முறையில் ஹெட்செட்டுக்கு 1108, கீபோர்டு போன்ற உள்ளீட்டுக் கருவிக்கு 1124. அந்தச் சேவையை எந்த வழியாக அணுகுவது என்பதையும் பதிவேடே சொல்லிவிடும். 2007இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பு, பெயரையும் சேவை எண்களையும் தேடலின்போதே 240 பைட்டுக்குள் அனுப்ப வழி செய்தது. காத்திருப்பு குறைந்தது.

2010இல் 4.0 பதிப்போடு வந்த குறைந்த ஆற்றல் முறையில், கருவி வகுப்பின் வேலையைத் ‘தோற்றம்’ என்ற 16 பிட் எண் செய்கிறது. மேல் பத்துப் பிட் வகை, கீழ் ஆறு பிட் உட்பிரிவு. வழக்கமான பத்து நிலை எண்முறையில் கீபோர்டுக்கு 961, மவுசுக்கு 962. அடிப்படை அறிவிப்புப் பொதியில் தரவுக்கு இடம் 31 பைட்டுதான். அதனால் சேவைப் பட்டியலை அனுப்பும்போதே, அது முழுமையானதா அரைகுறையா என்று குறிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இவற்றில் எதையும் எவரும் சரிபார்ப்பதில்லை. வகுப்பும் தோற்றமும் கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவை. அந்த 24 பிட்டுகளை மென்பொருளால் மாற்றி எழுதிவிடலாம். ஆகவே இணைத்தபின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அக்கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அழைப்பு, ஊடக ஒலி, உள்ளீடு என்று அங்கே வரும் பட்டியல் சேவைகளிலிருந்து வருவது. ஸ்பீக்கர் என்று வாங்கிய பொருள் உள்ளீட்டுக் கருவியாகவும் நின்றால், காரணம் தெரியும்வரை அந்த ஒன்றை அணைத்து வையுங்கள்.