இரண்டு விரற்கடை குறைந்த கயிறு

கொச்சி மட்டாஞ்சேரியில் பக்தர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கம் நிறைவுற்று, அனைவரும் பிரசாதம் பெற்றுச் சென்ற பின்னர் ஒரு தாய் மட்டும் தயங்கி நின்றார். நெடுங்காலமாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

‘சுவாமிஜி, பல ஆண்டுகள் விரதமிருந்து பெற்ற பிள்ளை. நினைத்தது நடக்கவில்லை என்றால் கையில் அகப்பட்டதை எறிகிறான், கடிக்கிறான். பிறகு அவனே மூலையில் உட்கார்ந்து அழுகிறான். நேற்று நானும் பொறுமையிழந்து அடித்துவிட்டேன். தாயத்து கட்டச் சொல்கிறார்கள் சிலர். வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள் சிலர். இது நான் செய்த பாவமா?’ என்று கேட்டார்.

‘பிரார்த்தனை செய்யுங்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்’ என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முன்கையை மூடிக்கொண்டார். அதற்குள் அங்கிருந்த பல் தடம் என் கண்ணில் பட்டுவிட்டது. என் பதில் எத்தனை எளிதாக வந்துவிட்டது என்று வெட்கினேன். அவரை அமரச் சொல்லி அன்று பேசியவற்றையே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் இது அந்த ஒரு தாயின் கேள்வி மட்டுமன்று.

வேண்டிப் பெற்ற பிள்ளையால் பெற்றோருக்குத் துன்பம் வராது என்று நாம் எண்ணுகிறோம். காசி வீரேசுவர சிவபெருமானை வேண்டி, 1863-இல் கல்கத்தாவில் புவனேசுவரி தேவி பெற்றெடுத்த மகன் நரேந்திரன். சினம் வந்துவிட்டால் அவனை அடக்குவது அரிதாக இருந்தது. அவனைக் கவனிக்க இரண்டு பணிப்பெண்கள் வேண்டியிருந்தது. சிவனிடம் பிள்ளை கேட்டால் அவர் தமது பூதகணங்களுள் ஒன்றை அனுப்பிவிட்டாரே என்று அந்த அன்னை அலுத்துக்கொண்டதுண்டு. தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிச் சிவநாமத்தைச் சொன்னால் அவன் அமைதியடைவதை அவர் கண்டறிந்தார். அந்தப் பிள்ளையே சுவாமி விவேகானந்தராக, மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையிலுள்ள எர்ணாகுளத்திற்கு 1892-இல் வந்து சட்டம்பி சுவாமிகளைச் சந்தித்தார்.

கோபக்காரக் குழந்தைகள் எல்லோரும் விவேகானந்தர் ஆகிவிடுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றும் முறையைப் பின்பற்றுவதற்காகவும் அன்று. தன் பிள்ளைக்கு எது உதவும் என்று அந்த அன்னை தேடினார் என்பதே நாம் கற்க வேண்டியது.

‘அடங்காப் பிள்ளை’ என்று சொல்கிறோம். ‘அடங்க முடியாத பிள்ளை’ என்று சொல்லிப் பாருங்கள். முன்னது குற்றச்சாட்டு, பின்னது ஒரு துன்பத்தைப் பற்றிய செய்தி. அமெரிக்க உளவியலாளர் ராஸ் கிரீன் இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார். இக்குழந்தைகளிடம் குறைவாக இருப்பது நல்லெண்ணம் அன்று. ஏமாற்றத்தைத் தாங்கவும், நினைத்ததை மாற்றிக்கொள்ளவும் வேண்டிய திறனே என்பது அவரது கருத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைக்கு நாம் கற்றுத் தருகிறோம். இதையும் அவ்வாறே கற்றுத் தர வேண்டியிருக்கிறது.

எப்போது கற்றுத் தருவது? கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63-ஆம் சுலோகங்கள் அழிவின் படிகளை வரிசைப்படுத்துகின்றன. தடைப்பட்ட ஆசை கோபமாகிறது. கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவிழப்பு, அதனால் புத்தி நாசம். நினைவும் புத்தியும் மறைந்திருக்கும் அந்த நேரத்தில் நாம் செய்யும் உபதேசம் யாருக்குச் சென்று சேரும்? அப்போது செய்ய வேண்டியவை மூன்றே: எறியக்கூடிய பொருள்களை அகற்றுதல், குரலைத் தாழ்த்துதல், அருகில் இருத்தல். பேச்சு பிறகு, அவன் அமைதியாக இருக்கும்போது. அதே நேரத்தில், அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி, மறுத்த பொருளைக் கொடுத்துவிடக் கூடாது. கத்தினால் கிடைக்கும் என்று குழந்தையும், அடித்தால் அடங்கும் என்று நாமும் கற்றுக்கொண்டால் இருவரும் ஒரே வலையில் அகப்படுவோம்.

நம் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பதே உண்மையான காத்தல் என்பது வள்ளுவரின் கருத்து. மேலதிகாரியிடம் நாம் அடங்கியிருப்பது பெரிதன்று. திருப்பி அடிக்க இயலாத குழந்தையின் முன் கையைத் தாழ்த்துவதே தவம்.

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் வரும் காட்சி நாம் அறிந்ததே. பால் அருந்திக்கொண்டிருந்த கண்ணனை இறக்கிவிட்டு, அடுப்பில் பொங்கிய பாலைக் காக்க ஓடினாள் யசோதை. பசியாறாத குழந்தை சினந்து தயிர்ப்பானையை உடைத்தது. அவள் கோலுடன் துரத்திப் பிடித்தாள். அஞ்சி அழுத கண்களைக் கண்டதும் கோலை எறிந்துவிட்டாள். கயிற்றால் கட்ட முயன்றாள். எத்தனை கயிறுகளை இணைத்தாலும் இரண்டு விரற்கடை குறைந்தது. தாய் வியர்த்துக் களைத்ததைக் கண்டு இரங்கிய பகவான் தாமே கட்டுண்டு, தாமோதரன் ஆனார். அந்த இரண்டு விரற்கடைகளுள் ஒன்று நம் முயற்சி, மற்றொன்று இறையருள் என்பர் பெரியோர்.

‘தாயே, யசோதைக்கே கயிறு எட்டவில்லை. உங்களுக்கு எட்டாதது பாவத்தின் அடையாளம் அன்று. கர்மக் கொள்கை நம்மைப் பொறுப்பேற்கச் செய்வதற்கு உரியது. ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு உரியதன்று’ என்றேன்.

அந்த முயற்சியில் மருத்துவ உதவியும் அடங்கும். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பதற்றம், உறக்கக் குறைவு ஆகியவை கோபத்தின் பின்னே மறைந்திருக்கலாம். குழந்தைகள் மனநல மருத்துவர் ஆராய்ந்து கூற வேண்டியவை இவை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதால் இறைநம்பிக்கை குறைவதில்லை. மனத்தின் நோய்க்கும் அவ்வாறே.

சில மாதங்களுக்குப் பின் அந்தத் தாயை மீண்டும் சந்தித்தேன். சிகிச்சை நடக்கிறது. ‘கோபம் இன்னும் வருகிறது, சுவாமிஜி. ஆனால் முடிந்ததும் மூலைக்குப் போவதில்லை. என் மடிக்கு வருகிறான்’ என்றார்.

பானைகள் இனியும் உடையலாம். ஆனால் உடைத்த பிறகு திரும்பி வர ஒரு மடி இருக்கிறது என்று அந்தக் குழந்தை அறிந்துகொண்டுவிட்டான். நம் முயற்சியாகிய விரற்கடையை நாம் நாள்தோறும் இணைப்போம். மற்றொன்றை இரக்கமே வடிவான தாமோதரன் இணைப்பாராக!