ஓட்டு யாருடையது?

ஒரு கட்சியை நம்பி ஒருவன் ஓட்டளிக்கிறான். அதனைப் பெற்றவரோ மறு கட்சிக்குச் சென்றுவிடுகிறார். பின் அந்த ஓட்டு யாருடையது? ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2018-ஆம் ஆண்டில் நம் சட்டசபையின் 56 இடங்களுள் 36 இடங்களைப் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு மக்கள் அளித்தனர். 2020 பிப்ரவரியில், அக்கூட்டணியிலிருந்த பெர்சத்து கட்சி விலகவே, ஓர் ஓட்டுப் பெட்டியும் வைக்கப்படாமல் மாநில ஆட்சி மாறிற்று. வரிசையில் கால்கடுக்க நின்று ஓட்டளித்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை.

“இதிற் பிழை யாது?” என வினவுவோரும் உளர். பிரதிநிதி வெறுந் தூதன் அல்லன். தன் அறிவைக்கொண்டு முடிவு செய்யவே அனுப்பப்பட்டவன் என்பது அவர்தம் வாதம். 1774-இல் எட்மண்டு பர்க் என்பார், தம்மைத் தேர்ந்தெடுத்த பிரிஸ்டல் நகரத்தாரிடமே இக்கருத்தை எடுத்துரைத்தார். 1904-இல் சர்ச்சில் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு லிபரல் கட்சியில் அமர்ந்தபொழுதும் அவர் பதவி போகவில்லை. பிரிட்டனில் இன்றும் அதைத் தடுக்கும் சட்டமில்லை.

இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. தலைவர் கையசைக்கத் தலையாட்டும் பொம்மைகளே போதுமெனில், பார்லிமெண்டு எதற்கு? இந்தியா 1985-இல் கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் செய்தது. கட்சிக் கட்டளையை மீறி ஓட்டளிப்பவரும் பதவியிழக்க நேரும் என்றது. தாவுபவனைக் கட்டும் கயிறு, மனச்சாட்சியுள்ளவனையும் சேர்த்தே கட்டிவிட்டது.

நிற்க. பர்க்கின் கதைக்குப் பிற்பகுதி ஒன்றுண்டு. தம் கொள்கையை விடாத அவர், 1780-இல் பிரிஸ்டல் மக்களின் ஆதரவை இழந்து போட்டியினின்று விலகினார். மனச்சாட்சிக்கு அவர் விலை கொடுத்தார். விலை கொடாது, பதவியும் பெற்றுக்கொண்டு பேசப்படும் மனச்சாட்சியை நாம் என்னவென்று அழைப்பது?

நம் நாட்டின் வழியோ விசித்திரமானது. பதவியைத் துறந்த பார்லிமெண்டு அங்கத்தினர் ஐந்தாண்டுகள் மீண்டும் அச்சபைக்கு வரலாகாது என 1990-இல் விதித்தனர். பதவி விலகாமல் கட்சி மாறியவருக்கோ தடையில்லை. கிளந்தான் மாநிலம் செய்த தடையையும், சங்கம் சேரும் உரிமைக்கு மாறானதென 1992-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. மக்களிடம் திரும்பி வர விரும்பும் யோக்கியனுக்கு வாசல் அடைப்பு. தாவுபவனுக்குக் கொல்லைப்புறம் திறப்பு! 2022 ஜூலையில் 209 அங்கத்தினர் ஆதரவுடன் இவ்விரண்டும் மாற்றப்பட்டன. கட்சியை விட்டு விலகுபவர் இனி இடத்தை இழப்பார். மீண்டும் மக்கள்முன் நிற்கவும் செய்யலாம். இது நியாயமே. ஆயினும், கட்சியே விலக்கியவரை இச்சட்டம் தொடாது. ஒரு கட்சி முழுவதுமாய்க் கூட்டணி மாறினாலும் தொடாது. 2020-இல் ஜொகூரில் நடந்தது மீண்டும் நடவாதென்று இச்சட்டத்தை நம்பி நாம் உறங்குவதற்கில்லை.

சட்டம் விட்ட இடத்தைக் காக்க வேண்டியவர் யார்? நாமே. 2022 மார்ச்சு 12-இல் நடந்த நம் மாநிலத் தேர்தலில், பதினெட்டு வயது நிரம்பியோர் முதன்முறையாக ஓட்டுரிமை பெற்றனர். எனினும், ஓட்டளித்தோர் சுமார் 55 சதவிகிதமே. தொற்றுநோயும் தூரமும் பலரைத் தடுத்திருக்கலாம். ஆனால் “யார் வந்தால் நமக்கென்ன?” என்று வாளாவிருந்தோரும் இலரோ? ஏமாற்றியவனைத் தண்டிக்கும் நாளில் வீட்டிலிருப்பவன், ஏமாற்றத்திற்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தவனாகிறான்.

கிராணி ஒருவர் மறு தோட்டஞ் செல்ல விரும்பினால் யாரும் குறை கூறார். ஆனால் செக்ரோலையும் பெட்டிச் சாவியையும் ஒப்படைத்த பின்னரன்றோ அவர் செல்ல வேண்டும்? அவை அவர் சொத்தல்ல. பிரதிநிதியின் பதவியும் அத்தகையதே. கருத்து மாறுவது குற்றமன்று. நம்பி ஒப்படைத்த சாவியோடு செல்வதே குற்றம். தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், தார்ச்சாலைக்கும் கோயில் மானியத்திற்கும் முன்னர், “மனம் மாறினால் சாவியைத் திருப்பித் தருவீரா?” என்று கேளுங்கள்.