சொந்தக் கால்!

சிவகாசியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர், அச்சகம் வைத்திருப்பவர். பாயசத்தை வழித்தபடியே சொன்னார்: ''யாருகிட்டயும் அஞ்சு பைசா கடன்படாம, சொந்தக் கால்ல நின்னு வந்தவன் சார் நான். இப்ப என்னடான்னா, எல்லாத்தையும் இலவசமா குடுத்துக் கெடுத்துட்டாங்க!''

நான் பி.காம். படித்தவன். கடனே இல்லாத கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் வரும். ஆனாலும், தலையாட்டிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாமாவின் பருத்திக் காடு. ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் கடுகைவிடச் சிறிதாக மொய்த்துக் கிடந்தன பூச்சிகள். ''அசுவினி மாப்ள! சாறை உறிஞ்சிட்டு, தேனா ஒழுக விட்டிருக்கு பாரு.'' தொட்டால் பிசுபிசுவென ஒட்டியது.

அந்தத் தேனில்தான் கதையே இருக்கிறது. அசுவினி குடிக்கும் சாறில் சர்க்கரை ஏராளம், மிஞ்சுவதுதான் ஒழுகுகிறது. ஆனால், உடம்பு வளரத் தேவையான அமினோ அமிலங்கள் பல அதில் போதாது. வயிறு நிறையும், வளர்ச்சி இருக்காது!

அந்தக் குறையைத் தீர்ப்பது, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் 'புக்னேரா' என்கிற பாக்டீரியா. 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலான உறவு இது. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போதே பாக்டீரியா அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். மருந்து கொடுத்து பாக்டீரியாவை மட்டும் அழித்துப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். தாய் உடனே சாகவில்லை. சாறு குடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால், வயிற்றிலிருந்த கருக்கள் சரியாக வளரவில்லை. இன்றைய நஷ்டம், நாளைய கணக்கில்தான் தெரியும்!

வீட்டில் என் அம்மா தீப்பெட்டி ஒட்டினார். அந்தக் காசில் சோறு உண்டு; தொட்டுக்கொள்ள ஊறுகாய். பருப்பு என்பது பள்ளிக்கூடத்தில்தான். படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்க்காரர் காமராஜர், முதல்வராக இருந்தபோது 1956-ல் கொண்டுவந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. அதில் வளர்ந்தவன் நான். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளம் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. தட்டோடு வரிசையில் நின்றதை நண்பர்களிடம்கூட சொன்னதில்லை. கூச்சம்! பந்தியில் என் வாயை அடைத்ததும் அதுதான்.

அவர் உழைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அசுவினியும்தான் நாள் முழுக்க உறிஞ்சுகிறது. கேள்வி வேறு... உழைக்கிற தெம்பு எங்கிருந்து வந்தது? நாம் கேட்பதற்கு முன்பே, கேட்கத் தெரியாத வயதிலேயே, யாரோ கொடுத்துவிட்டார்கள். அதற்கு பெயர் பிச்சையா, கடனா?

கடன் என்றால் யாரிடம் திருப்பித் தருவது? என் தட்டில் சாம்பார் ஊற்றிய அக்கா இன்று எங்கே இருக்கிறாரோ! அசுவினி, வாங்கியதைத் தாயிடம் திருப்பித் தருவதில்லை. தன் வயிற்றிலிருக்கும் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. கணக்கு நேராகிவிடுகிறது.

அடுத்த கல்யாணத்தில் யாராவது அப்படிப் பேசினால், ''நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன் சார்'' என்று சத்தமாகச் சொல்லப்போகிறேன். நீங்களும் 'சொந்தக் கால்' என்று சொல்ல வாயெடுக்கும் முன், அந்தக் காலுக்கு எலும்பு கொடுத்தது யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்களேன்!