பந்தயத்துக்குப் பிறகு

2005 ஜூனில், இண்டியானாபொலிஸ் போர்முலா 1 பந்தயத்தில், மிஷலின் டயர்கள் பாதுகாப்பற்றவை என்று 14 கார்கள் ஒதுங்கிக்கொண்டன. ஓடியவை ஆறு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். போர்முலா 1 போட்டிகளில் இந்தியர் ஒருவர் எடுத்த முதற்புள்ளிகள் அவை. அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கடைசிச் சுற்றுவரை காரைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கே அது கிடைத்தது.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர் எடுத்த ஒரு முடிவு எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 2020இல் அவர் தொடங்கிய டிரைவ்எக்ஸ், பழைய மோட்டார் சைக்கிள்களையும் ஸ்கூட்டர்களையும் வாங்கிச் சீர்செய்து விற்கும் நிறுவனம். 2022இல் டிவிஎஸ் மோட்டார் அதில் ஏறத்தாழப் பாதிப் பங்கை வாங்கியது. உலகின் அதிவேகக் கார்களை ஓட்டியவர், வேலைக்குப் போகிறவரின் பழைய பைக்கைத் தன் தொழிலாக்கிக்கொண்டார்.

அதன் அருமை கொழும்புக்காரருக்கு விளங்கும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், பாவித்த மோட்டார் சைக்கிளின் விலை எங்கே போய் நின்றது என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீற்றர் பின்னோக்கித் திருப்பப்பட்டதா, விபத்தில் சட்டகம் வளைந்ததா என்று அறிய வழியில்லாமல் சேமிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எஞ்சினின் ஓசையிலேயே குறையைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து, விற்கும் வண்டிக்கு எழுத்தில் உத்தரவாதம் தரும் ஒரு கடையைக் காலி வீதியில் திறக்கட்டும்.