வீம்பை வீட்டில் வையுங்கள், காரை டிராக்கில் ஏற்றுங்கள்!

"நமக்கெல்லாம் அது எதுக்குங்க?"

கோயமுத்தூர்க்காரர் வாயில் இந்தக் கேள்வி வரலாமா? போத்தனூரைத் தாண்டிச் செட்டிபாளையம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறந்த பந்தயப் பாதை. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். தேசியப் பந்தயங்களில் ஃபார்முலா கார்கள் சீறிப் பாய்கிற அதே தார் மீது, டிராக் டே அன்று, பணம் கட்டிப் பெயர் பதிந்தால், உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஸ்விஃப்டையோ ஐ20-யையோ நீங்களே ஓட்டலாம். அது பந்தயம் அல்ல. கோப்பை கிடையாது. யாரையும் ஜெயிக்க வேண்டாம். உங்கள் காரை, உங்கள் கையை, உங்கள் பயத்தை நீங்களே உரசிப் பார்க்கிற நாள் அது.

ஆனாலும் நீங்கள் போகவில்லை. கேட்டால் காரணங்களை அடுக்குவீர்கள். கார் சின்னது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வண்டிக்கு இன்னும் இ.எம்.ஐ. ஓடுகிறது. இதில் இ.எம்.ஐ. மட்டும்தான் நியாயமான காரணம், அதற்கு வருகிறேன். மற்றதெல்லாம் சாக்கு. அடியில் கிடக்கிற நிஜக் காரணம் வேறு. நாலு பேர் பார்க்க மெதுவாக ஓட்டினால் மானம் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தை வேரோடு பிடுங்கத்தான் இதை எழுதுகிறேன்.

கார் சின்னது என்கிறவர்களுக்கு

அந்த டிராக் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது தெரியுமா? சுந்தரம் கரிவர்தன். கோவை மில் குடும்பத்துப் பிள்ளை. அவர் காலத்தில் ரேஸ் ஓட்டுவது வசதி படைத்த சிலருக்கு மட்டுமே வாய்த்த பொழுதுபோக்கு. வெளிநாட்டு வண்டி, வெளிநாட்டு உதிரிபாகம், வெளிநாட்டு விலை. கரிவர்தன் உட்கார்ந்து புலம்பவில்லை. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த மாருதி 800-ன் எஞ்சினை எடுத்தார். 796 சிசி, மூன்றே சிலிண்டர். அதை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி பிறந்தது. குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த எஞ்சின் பந்தயப் பாதையில் ஏறியது!

1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். தன் பெயர் தாங்கிய டிராக்கை அவர் கண்ணால் பார்க்கவில்லை. தானும் ரேஸ் ஓட்டியவரான எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் அதைக் கட்டி எழுப்பியபோது, வைக்க வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னும் பின்னால் போங்கள். கலங்கல் கிராமத்து இளைஞர் ஒருவர் வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்து நின்றார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கிய கையோடு அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அவர்தான் ஜி.டி. நாயுடு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர்.

பெரிய எஞ்சின் வரட்டும் என்று இவர்கள் காத்திருந்தார்களா? கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்த்தார்கள். அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் லேத் முன்னால் நிற்கிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடம் தெரியும். இந்த மண்ணில் பிறந்த உங்களுக்குச் சொந்தக் கார் எந்த வளைவில் எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை என்றால், அது காரின் குறையா?

வேகம் வேறு, வீம்பு வேறு

ஒன்றை முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் பைபாஸில் 140-ஐத் தொட்டு, அதை மொபைலில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற தம்பிகளே, அதற்குப் பெயர் தைரியம் இல்லை. எதிரில் டிவிஎஸ் 50-ல் பால் கேனோடு வருகிற பெரியவரின் உயிரைப் பணயம் வைப்பது வீம்பு. பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம், சிறைக்கும் போகலாம்.

140 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 39 மீட்டர். நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் வண்டி நாலைந்து ஆள் நீளம் போயிருக்கும். 100-ல் இருந்து 140-க்குப் போனால் வேகம் கூடுவது நாற்பது சதவீதம்தான். ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! இந்தக் கணக்குத் தெரியாமல் மிதிக்கிறவன் வீரன் அல்ல, விவரம் தெரியாதவன்.

டிராக்கில் எதிரே வண்டி வராது. குறுக்கே நாய் ஓடாது. வளைவுக்கு வளைவு கொடி பிடித்து மார்ஷல்கள் நிற்பார்கள். ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். அங்கே தவறினாலும் பெரும்பாலும் புல்லிலோ மண்ணிலோ போய் நிற்பீர்கள். வேகத்தின் மேல் ஆசை இருந்தால் அதை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்!

நம்பிக்கையைக் கையால் தொட்டுப் பாருங்கள்

தன்னம்பிக்கை என்பது கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தரம் சொல்வதில் வருவதா? டிராக்கில் அந்தப் பேச்சு ஒரு வளைவுகூடத் தாங்காது. அங்கே நம்பிக்கை என்பது நீங்கள் சரிபார்த்த பொருள்களின் மொத்தக் கணக்கு.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகிற சரக்கு. ஈரம் ஏறிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிறீர்கள், பெடல் தரையைத் தொடுகிறது, வண்டி நிற்கவில்லை. ஊருக்குள் இது எளிதில் வெளியே தெரியாது. டிராக்கில் சில சுற்றுகளிலேயே சாயம் வெளுத்துவிடும்.

ஆகவே முதலில் பழக்கமான மெக்கானிக்கிடம் போய் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் பேடின் தடிமனை உங்கள் கண்ணால் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் வீக்கமோ வெடிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். வீல் நட்டை ஸ்பேனர் போட்டுச் சரிபாருங்கள். டிக்கியில் கிடக்கிற தண்ணீர் பாட்டில், குடை, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்குங்கள். ஓட்டுநர் காலடியில் கிடக்கும் மேட்டையும் எடுத்துவிடுங்கள். அது நகர்ந்து பெடலுக்கு அடியில் சிக்கினால் ஆபத்து. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ. செருப்போடு வராதீர்கள்.

இதையெல்லாம் செய்து முடித்தபின் கை நடுக்கம் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். யாரும் வந்து முதுகில் தட்டிக் கொடுத்து வந்த தைரியம் அல்ல அது. ஒவ்வொரு நட்டாக நீங்களே முடுக்கிச் சேர்த்தது.

இப்போது இ.எம்.ஐ. விஷயம். சாதாரணக் கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. பாலிசியிலேயே அது எழுதியிருக்கும். டிராக்கில் அடிபட்டால் செலவு உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவு தாங்காது என்று தெரிந்தால் முதல் பாடத்தை ரேஸ் பயிற்சிப் பள்ளியின் வண்டியில் படியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் சுற்று

காலையில் எல்லோரையும் உட்கார வைத்துக் கொடிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரையும் தாண்டாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிற்கிற இடத்துக்குத் திரும்பு. கறுப்பு என்றால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், உள்ளே வா. கட்டம் போட்ட கொடி என்றால் நேரம் முடிந்தது. பிறகு ஒருவர் உங்கள் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அது அசையக் கூடாது.

பிட்டை விட்டு வெளியே வந்ததும் உள்ளங்கை வேர்க்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பீர்கள். முதல் வளைவு சட்டென்று எதிரே வந்து நிற்கும். கண் தானாக பானெட்டின் முனைக்கே போகும். அங்கே பார்க்காதீர்கள்! வளைவின் உள்முனையைப் பாருங்கள். அதைத் தொடும் முன்பே வெளியேறுகிற இடத்தைப் பாருங்கள். கண் போகிற இடத்துக்குக் கை போகும், கை போகிற இடத்துக்குக் கார் போகும். சுவரைப் பார்த்தால் சுவருக்கே போவீர்கள்.

வளைவுக்கு முன்பு, நேராக இருக்கும்போதே, அழுத்தமாகப் பிரேக். திருப்பும்போது நிதானம். வளைவு விரிந்த பிறகுதான் ஆக்ஸிலரேட்டர். ஆவேசமாக உள்ளே நுழைந்தவர் தடுமாறி வெளியே வருவார். அடக்கி நுழைந்தவர் பறந்து வெளியே வருவார். சில சுற்றுகள் ஓடியதும் பிரேக் பேடு தீய்ந்த வாடை அடிக்கும். பதற வேண்டாம். ஒரு சுற்று மெதுவாக ஓட்டிச் சூட்டை இறக்கி உள்ளே வாருங்கள். வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் நிறுத்துங்கள். கொதிக்கிற டிஸ்க்கைப் பேடு கவ்விக்கொண்டு நிற்கக் கூடாது.

நீலக் கொடிக்கு அஞ்சாதீர்கள்

இனி அந்த மானப் பிரச்சினைக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும்போது மார்ஷல் நீலக் கொடியை ஆட்டுவார். பின்னால் உங்களைவிட வேகமான வண்டி வருகிறது, வழிவிடு என்று அர்த்தம். நீங்கள் பயந்தது இந்த நொடிக்காகத்தானே? ஒதுங்குங்கள். கை காட்டுங்கள். போகட்டும். அவர் போகிற கோட்டைக் கவனியுங்கள்: எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே திருப்புகிறார். முன்னால் போனவர் உங்களைத் தோற்கடிக்கவில்லை, இலவசமாகப் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்.

1992-ல் கோவைப் பையன் ஒருவன், வயது பதினைந்து, பிரான்சில் உள்ள வின்ஃபீல்ட் ரேஸ் பள்ளிக்குப் போனான். அங்கே நடந்த போட்டியில் அரையிறுதி வரைதான் வர முடிந்தது. ஊர் திரும்பி, 1993-ல் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் எதை ஓட்டினான் தெரியுமா? கரிவர்தனின் அதே ஃபார்முலா மாருதி! 1994-ல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றான். 2005-ல் ஆஸ்திரேலியாவில் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார் நரேன் கார்த்திகேயன். அரையிறுதியில் நின்றுபோன அன்றே "நமக்கெல்லாம் அது எதுக்குங்க" என்று மூட்டை கட்டியிருந்தால்?

நீங்கள் நரேன் ஆக வேண்டியதில்லை. ஃபவுண்டரி முதலாளியாக, பனியன் கம்பெனி மேனேஜராக, கல்லூரி விரிவுரையாளராக இருந்துகொண்டே போங்கள். அம்மிணிகளே, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது" என்பவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஹெல்மெட் மாட்டிய தலை ஆணா பெண்ணா என்று வளைவுக்குத் தெரியாது.

அன்று மாலை வீடு திரும்பும்போது அவினாசி ரோட்டில் ஒருவன் ஹாரன் அடித்து உங்களைச் சீண்டிவிட்டுப் பறப்பான். உங்களுக்குக் கோபம் வராது, கால் துடிக்காது. உங்கள் வண்டி எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தொழிலிலும் குடும்பத்திலும் உங்களைச் சீண்டுகிறவர்கள் முன்னால் இதே நிதானத்தோடு நில்லுங்கள். அளந்து பார்த்தவனை யாராலும் உசுப்பேற்ற முடியாது!

அடுத்த டிராக் டே எப்போது என்று இன்றைக்கே விசாரியுங்கள். நாளைக்கு மெக்கானிக்கைப் பாருங்கள். பெயரைப் பதியுங்கள், பணத்தைக் கட்டுங்கள். எல்லோரையும்விட மெதுவாகவே ஓட்டுங்கள், பரவாயில்லை. அன்றைய முதல் சுற்றைவிடக் கடைசிச் சுற்று சுத்தமாக இருந்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். கிளம்புங்கள்!