யாரிடமிருந்து ஒளிகிறோம்?

அமெரிக்காவில் கார் ஓட்டுபவர்களில் சிலர் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில், ரியர்வியூ கண்ணாடியை ஒட்டி, உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியை மாட்டியிருப்பார்கள். அதுதான் ரேடார் டிடெக்டர். வண்டிகளின் வேகத்தை அளக்கப் போலீஸ் அனுப்பும் ரேடார் அலையைத் தொலைவிலேயே உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகி, வயரை டேஷ்போர்டின் குறுக்கே தொங்கவிட்டாலும் அது வேலை செய்யும். ஆனால் சிரத்தையாகச் செய்பவர்கள் அப்படி விடுவதில்லை. ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷனைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இணைப்பு எது என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் கருவி ஓடி பேட்டரியைத் தின்றுவிடும். அந்த இணைப்பிலிருந்து, காரின் பழைய ஃபியூஸைக் கெடுக்காமல், இரண்டு அல்லது மூன்று ஆம்பியர் அளவில் தனி ஃபியூஸ் போட்டு வயர் எடுக்கிறார்கள். எர்த் வயரைப் பெயிண்ட் இல்லாத உலோகத்தில், இறுகிய போல்ட்டின் அடியில் கொடுக்கிறார்கள். பிறகு முன்கண்ணாடியின் ஓரத்துத் தூண் வழியாக வயரை ஏற்றி, கூரைத் துணியின் விளிம்புக்குள் செருகி, கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் நீளம்கூட வெளியே தெரியாமல் இறக்குகிறார்கள். இதில் மிகக் கவனம் கேட்கும் இடம் அந்தத் தூண்தான். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அதற்குள்ளும் கூரை ஓரத்திலும் மடிந்து கிடக்கிறது. வயரை அதற்கு முன்னால் குறுக்கே விட்டால், மோதும் கணத்தில் பை விரிவதை அது தடுக்கலாம். ஆகவே பைக்குப் பின்னால், ஏற்கெனவே ஓடும் வயர்க்கற்றையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். மூடியைப் பொருத்திய பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அக்கறை உள்ளவர் சரியாகத்தான் செய்வார்.

இவ்வளவு பொறுப்போடு மாட்டப்படும் கருவியின் பயன், வேக வரம்பை மீறிப் போகும்போது பிடிபடாமல் இருப்பது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. யாரும் பார்க்காதபோது ஒரு விதி என்னைக் கட்டுமா? பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் சாதாரணக் காரில் இந்தக் கருவியை வைத்திருப்பது குற்றமல்ல. வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை. நாடு முழுவதும் 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வணிக வாகனங்களில் தடை. வர்ஜீனியாவின் சட்டம் நுணுக்கமாக யோசித்திருக்கிறது. கருவிக்கு மின்சாரமும் இல்லை, வண்டியில் இருப்பவர்கள் கைக்கு எளிதில் எட்டவும் இல்லை என்றால் குற்றமில்லை. வெறும் பொருளைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் கிடைத்தாலோ, கையெட்டும் தூரத்துக்கு வந்தாலோ அதைப் பயன்படுத்தும் எண்ணத்தின் அடையாளமாகக் கொள்கிறது. அது சரியான இடத்தில் போட்ட கோடு என்றே நினைக்கிறேன். எனினும் என் கேள்விக்குச் சட்டம் பதில் தராது. சட்டம் அனுமதிப்பதை மனசாட்சி மறுக்கலாம். சட்டம் தடுப்பதை மனசாட்சி ஏற்கவும் கூடும்.

வேகமாகப் போகிறவர்கள் சொல்லும் நியாயத்தின் சுருக்கம் இது: 'பிடிபட்டால் அபராதம் கட்டிவிடுகிறேன், பிடிபடாவிட்டால் ஒன்றுமில்லை.' இது மேலோட்டமான பேச்சு அல்ல. கிறிஸ்தவ இறையியலில் இதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1236-இல் தொமினிக்கன் துறவியர் தங்கள் சபை விதிகளைப் பற்றி ஒரு முடிவு எடுத்தார்கள்: அவற்றை மீறுவது பாவமாகாது, அதற்குரிய தண்டனைக்கு மட்டுமே ஆளாக்கும். நோக்கம் கருணைதான். பேசக்கூடாத நேரத்தில் பேசிய ஒரு துறவி, அதற்காகத் தன் ஆன்மாவே கறைபட்டதென்று வதைபட வேண்டாம் என்று நினைத்தார்கள். பின்னால் இறையியலாளர்கள் இதே எண்ணத்தை அரசின் சட்டங்களுக்கும் நீட்டினார்கள். ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ சுவாரஸ் 1612-இல் வெளியிட்ட சட்டங்களைப் பற்றிய பெரிய நூலில், சில சட்டங்கள் 'இதைச் செய், அல்லது தண்டனையை ஏற்றுக்கொள்' என்ற இரட்டைக் கடமையாக இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொண்டார். தண்டனையைக் கொடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது, மனசாட்சிக்கு அங்கே வேலையில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில், பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் நிற்கிறது. ஆட்சிக்குக் கட்டுப்படுவது தண்டனைக்கு அஞ்சி மட்டுமல்ல, மனசாட்சிக்காகவும் என்பது அவர் கருத்து. பவுலின் வரியை எந்த அரசுக்கும் கண்மூடித் தலையாட்டுவதற்குச் சான்றாக எடுத்தவர்கள் பெரும் கேடு செய்திருக்கிறார்கள். அதனால் அதை மட்டும் காட்டி வழக்கை முடிக்க நான் விரும்பவில்லை.

தண்டனையை ஏற்றால் போதும் என்ற அந்தக் கொள்கையையே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். அப்போதும் ரேடார் டிடெக்டருக்கு அதில் இடமில்லை. தொமினிக்கன் மடத்தில் விதியை மீறிய துறவி, சபை கூடும் இடத்தில் எழுந்து நின்று தன் குற்றத்தைச் சொல்லி, கொடுத்த தண்டனையை ஏற்றுக்கொண்டார். பாவம் இல்லை என்ற சலுகை, தண்டனையை மனமார ஏற்பவருக்கே தரப்பட்டது. 'செய், அல்லது தண்டனையை ஏற்றுக்கொள்' என்பதில் ஏதாவது ஒரு பாதியையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். கருவியை மாட்டியவரோ வேக வரம்பையும் ஏற்கவில்லை, அபராதத்தையும் ஏற்கவில்லை. 'பிடிபட்டால் கட்டிவிடுகிறேன்' என்று வாயால் சொல்லிக்கொண்டே, பிடிபடாமல் இருக்கக் காசு செலவழித்திருக்கிறார். மனசாட்சிக்கு மிகத் தாராளமாக இடம் கொடுக்கும் கொள்கையும் அவரைக் கைவிட்டுவிடுகிறது.

இனி அந்தக் கொள்கையையே விட்டுவிடுவோம். வேக வரம்பு யாருக்கு நாம் செலுத்தும் கடன்? போலீஸ்காரருக்கு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 55 மைல் வரம்புள்ள சாலையில் (மணிக்கு சுமார் 88 கி.மீ.) ஒருவர் வரம்புக்குள் போகிறார், இன்னொருவர் 75 மைலில் (சுமார் 120 கி.மீ.) போகிறார். இருவருக்கும் ஒரே இடத்தில் ஆபத்து கண்ணில் படுகிறது. இருவருக்கும் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது. நல்ல சாலை, நல்ல பிரேக், வேகம் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் சுமார் 68 மீட்டரில் நின்றுவிடுவார். அந்த இடத்தை இரண்டாமவர் கடக்கும்போது அவர் கார் இன்னும் ஏறக்குறைய 57 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் நின்றேவிட்ட இடத்தில் மற்றவர் வரம்பைக் காட்டிலும் அதிக வேகத்தில் மோதுகிறார். கூடுதலான இருபது மைல் எப்படி இவ்வளவு வேகத்தை மிச்சம் வைக்கிறது என்றால், ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது என்பதே முக்கியமான பதில். ஆக வரம்பு என்ற அந்த எண் தொடுவது, குறுக்குச் சாலையிலிருந்து திரும்பக் காத்திருக்கும் ஒருவரை. அவர் தூரத்தில் வரும் காரைப் பார்க்கிறார், அதன் வேகத்தைத் துல்லியமாக அளக்க அவர் கண்ணால் முடியாது. இந்தச் சாலையில் வருபவர்கள் இந்த வேகத்தில்தான் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பை வைத்து வண்டியை எடுக்கிறார். அவருக்கும் நமக்கும் அறிமுகம் இல்லை. ஆனாலும் பலகையில் எழுதிய அந்த எண் நம் சார்பில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. டிடெக்டர் 24 கிகாஹெர்ட்ஸிலும், 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் வரும் அலைகளைத் தேடிக்கொண்டிருக்கிறது; அந்த மனிதர் எந்த அலையையும் அனுப்புவதில்லை. அபராதம் விதிக்கக்கூடியவர் ஒருவரைப் பற்றி மட்டுமே கருவி பேசும். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ அவரைப் பற்றி அது வாய் திறக்காது.

ஏர்பேக்குக்குப் பின்னால் வயரை விட்டவரின் நேர்த்தி இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் அதை எந்த இன்ஸ்பெக்டருக்கும் பயந்து செய்யவில்லை. என்றோ ஒருநாள் பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறவர், இன்னும் வண்டியில் ஏறாதவர், ஒருவேளை இந்தக் காரைப் பின்னால் வாங்கப் போகிறவர், அவர்களுடைய தலைக்கும் கண்ணாடிக்கும் இடையில் அந்தப் பை தடையில்லாமல் விரிய வேண்டும் என்பதற்காகச் செய்தார். கண்ணில் படாத மனிதருக்கும் நான் கடமைப்பட்டவன் என்பதை அவர் கைகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. வேக வரம்பு அவரிடம் கேட்பதும் இதையேதான். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் பொய்க்குச் சாட்சியாக ஊரையோ அரசையோ நிறுத்தவில்லை, பொய் சொன்னவனின் நெஞ்சையே நிறுத்துகிறார். அந்தச் சாட்சி இந்த மனிதரிடம் விழித்துத்தான் இருக்கிறது. தூணுக்குள் வயரை இழுத்தபோது அதன் பேச்சைக் கேட்டவர், சாலைக்கு வந்ததும் கேட்க மறுக்கிறார்.

'வரம்பே அநியாயமாக இருந்தால்?' என்ற மறுப்பு வலுவானது. 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாட்டை அடுத்து, 1974-இல் அமெரிக்கா முழுவதற்கும் 55 மைல் வரம்பு வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவதே நோக்கம். அகன்று நேராக ஓடும் மேற்கத்திய சாலைகளில் அது பலருக்குப் பொருத்தமற்றதாகப் பட்டது. டிடெக்டர் வியாபாரம் செழித்ததும் அந்தக் காலத்தில்தான். 1987-இல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளுக்கு 65 வரை தளர்த்தினார்கள், 1995-இல் வரம்பு வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கே திரும்பியது. அபராதப் பணத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்களும் உண்மையே. மிசௌரி மாநிலத்தில் மாக்ஸ் க்ரீக் என்ற சிற்றூர் அப்படிப் பேர் வாங்கி, ஊராட்சிகளின் வருமானத்தில் போக்குவரத்து அபராதத்தின் பங்குக்கு உச்சவரம்பு வைத்து 1995-இல் பிறந்த சட்டத்துக்குத் தன் பெயரையே கொடுத்தது. அதே மாநிலத்தின் பெர்குசன் நகரில் போலீஸ் வேலையே வசூலை நோக்கித் திரும்பியிருந்ததை அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் 2015 அறிக்கை விரிவாகக் காட்டியது. இந்தக் குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை தீர்ந்த வழியைப் பாருங்கள்: சட்டமன்றம், விசாரணை, அறிக்கை, வாக்கு. பலர் வரம்பை மதிக்காததும் 55 மைல் சட்டம் தளர ஒரு காரணம் என்பது சரி. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பிடிபட்டு அபராதம் கட்டியவர்கள். சில நூறு டாலர் கருவி வாங்க முடிந்தவர் அநியாயமான சட்டத்தை மாற்றவில்லை, அது தன்மேல் விழாமல் இல்லாதவர்மேல் விழும்படி ஒதுங்கிக்கொண்டார். 1930 மார்ச் 2 அன்று காந்தி உப்புச் சட்டத்தை மீறப் போவதை வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் தண்டிக்குப் புறப்பட்டார். பிறர் உரிமையைத் தொடும் செயலின் நோக்கம், வெளியே சொன்னால் குலைந்துபோகுமென்றால் அது நியாயமற்றது என்று தத்துவஞானி காண்ட் 1795-இல் எழுதினார். அநியாயத்தை எதிர்ப்பவர் தன்னைக் காட்டிக்கொள்கிறார். கருவியோ காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே உண்டானது.

'எனக்கு ஓட்டத் தெரியும், எந்த வேகம் பாதுகாப்பானது என்று நானே தீர்மானிப்பேன்' என்பவருக்கு மொன்டானா மாநிலம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. தேசிய வரம்பு நீங்கியதும் அங்கே பகலில் கார்களுக்கு எண்ணே இல்லாமல் போனது. சூழ்நிலைக்கேற்ற விவேகமான வேகம் என்பதே விதியாக இருந்தது. 85 மைலில் போய்த் தண்டிக்கப்பட்ட ஒருவர் வழக்காட, 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. எந்த வேகம் குற்றம் என்பதை ஓட்டுபவரோ போலீஸ்காரரோ முன்கூட்டி அறிய வழியில்லை என்பதே காரணம். மறு ஆண்டு 75 என்ற எண் வந்தது. தனித்தனி விவேகங்கள் ஒவ்வொன்றும் நல்லவையாக இருந்தாலும், ஒன்றையொன்று கணிக்க முடியாதபோது சாலை நடக்காது. திறமையான ஓட்டுநருக்கும் எண் தேவைப்படுவது அவர் திறமையைச் சந்தேகித்தல்ல. எதிரே வருபவருக்கு அவருடைய திறமை தெரியாது என்பதால்.

'போலீஸும் புதர் மறைவில் நிற்கிறதே, நான் ஒளிவது மட்டும் தவறா?' என்பார்கள். போலீஸ் ஒளித்து வைப்பது சோதனையை மட்டுமே. விதி பலகையில் எல்லோருக்கும் தெரிய எழுதப்பட்டிருக்கிறது. சோதனை நடக்கும் இடத்தையும் அறிவித்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் விதி வாழும். டிடெக்டர் விளைவிப்பதும் அதுதான்: பீப் சத்தம், பிரேக், போலீஸைத் தாண்டியதும் மறுபடி ஆக்சிலரேட்டர். கருவி தன்னை வேகம் குறைக்க வைக்கிறது, ஆகவே அது பாதுகாப்புச் சாதனம் என்ற வாதமும் இங்கேயே தடுக்கி விழுகிறது. குறைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஆபத்து அல்ல. காற்றில் வரும் அலையைக் கேட்பது குடிமகனின் உரிமை என்ற வாதத்தை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். தன் கண்ணாடியில் வந்து விழும் அலையை ஒருவர் அறியக்கூடாது என்று அரசு சொல்வது எனக்கு உவப்பாக இல்லை, வர்ஜீனியாவின் தடையை மற்ற மாநிலங்கள் பின்பற்ற வேண்டுமென்றும் நான் கேட்கமாட்டேன். வரம்புக்குள் ஓட்டிக்கொண்டே, சாலைப் பணி அல்லது ஆம்புலன்ஸ் பற்றிய எச்சரிக்கை அலை எங்காவது கிடைத்தால் கேட்கலாம் என்று ஒருவர் அதை மாட்டி வைத்திருந்தால், அவரிடம் எனக்குக் கேள்வியில்லை. அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வண்டியின் பக்கவாட்டு சென்சார்கூட 24 கிகாஹெர்ட்ஸில் கூச்சலிட்டு எரிச்சல் மூட்டும். அதைப் பொறுத்துக்கொண்டும் கருவியை வைத்திருக்க வேண்டுமா என்பது அவர் சௌகரியம் பற்றியது, அறம் பற்றியதல்ல.